நம்ம ஓடை அல்லியும் பத்தடி இலை ராட்சத அல்லியும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் இருக்கிற நமக்கு மழைக்கு ஒரு குறையும் இல்லை. மலையிலே விழுகிற தண்ணி கான் வழியாக ஓடைக்கு இறங்குது, ஓடை கீழே நாட்டு வயல்களுக்குப் போகுது, கடைசியில் களு கங்கையிலோ களனி கங்கையிலோ சேருது. போகிற வழியில் தண்ணி கொஞ்சம் தேங்கி நிற்கிற இடத்தில் எல்லாம் வட்ட இலை மிதக்கும், அழகாகப் பூ பூக்கும். நம்ம பெரியவங்க அதை அல்லி என்று சொல்லுவாங்க. நாட்டுச் சனங்கள் வெள்ளையாக இருந்தால் ஓலு என்றும், நீலமாக இருந்தால் மானெல் என்றும் சொல்லுவாங்க.

இந்தப் பூவைப் பற்றித்தான் இந்த முறை பாடம். பூவைப் பற்றி என்ன பாடம் என்று கேட்காதீங்க. நமது நாட்டின் தேசிய மலர் இந்தக் குடும்பத்துப் பூதான். அதன் பெயரை ஆண்டு ஐந்து பிள்ளை கூட சரியாக எழுதும். ஆனால் படம் வரையச் சொன்னால் பலர் வேறொரு பூவை வரைந்து வைப்பாங்க. பிள்ளை மேல் பிழை இல்லை. பல வருஷமாகப் பெரியவங்களே வேறொரு பூவைத்தான் காட்டிக் கொடுத்தாங்க. அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், அல்லி என்றால் என்ன என்பதைப் பார்ப்போம்.

அல்லி வேறு, தாமரை வேறு

இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறவங்க நிறையப் பேர். அடையாளம் சுலபம். அல்லி இலையின் விளிம்பிலிருந்து காம்பு வரைக்கும் கத்தியால் கீறின மாதிரி ஒரு பிளவு இருக்கும். இலை தண்ணி மேலே படுத்துக் கிடக்கும். தாமரை இலையில் பிளவு கிடையாது. காம்பு நட்ட நடுவில் பிடித்திருக்கும், முற்றின இலை குடை பிடித்த மாதிரி தண்ணிக்கு மேலே எழுந்து நிற்கும். தண்ணி ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும்.

காயிலும் வித்தியாசம் உண்டு. தாமரைக் காய் மேலே தட்டையாக, துளைத் துளையாக, குளிக்கிற ஷவர் மாதிரி நீண்ட காம்பில் நிற்கும். அல்லிப் பூ வாடினதும் காம்பு சுருண்டு தண்ணிக்குள்ளே போய்விடும். காய் தண்ணிக்கு அடியில்தான் பழுக்கும். பழுத்து வெடித்தால் விதைகள் ஒரு வழவழப்பான உறையோடு மேலே வந்து மிதக்கும். உறை கரைந்ததும் சேற்றில் போய் உட்காரும். அந்த இடைப்பட்ட நேரத்தில் தண்ணி எங்கே இழுத்துக்கொண்டு போகிறதோ அங்கே புதுச் செடி. இதை மறந்துவிடாதீங்க, பின்னால் தேவைப்படும்.

இன்னொரு புதினம் இருக்கு. தேயிலை மலையில் நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் நிற்கிற சவுக்கு மரத்தை எல்லாருக்கும் தெரியும், கிரவீலியா என்று துரைமார் சொல்லுகிற மரம். தாமரைக்குச் சொந்தக்காரன் அல்லி இல்லை, அந்தச் சவுக்கு மரம்தான்! மரபணுவைப் பார்த்து விஞ்ஞானிகள் தாமரையையும் சவுக்கையும் ஒரே வரிசையில் சேர்த்திருக்கிறாங்க. அல்லியோ தனி வழி. பூக்கிற செடிகளில் ஆகப் பழைய கிளைகளில் ஒன்று அது. தண்ணியில் இருக்கிறதாலே ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு, உள்ளே அவ்வளவு தூரம்.

அல்லித் தண்டை ஒடித்து உரித்து மாலை போட்டு விளையாடாத பிள்ளை இருக்காது. அடுத்த முறை ஒடிக்கும்போது வெட்டு வாயைப் பாருங்க. உள்ளே குழாய் குழாயாகத் துளை இருக்கும். சேற்றுக்குள் காற்று இல்லை. கிழங்கு மூச்சு விட வேண்டுமே! இலையின் மேல் பக்கத்தில் உள்ள நுண்ணிய துவாரங்கள் காற்றை எடுத்து, இந்தக் குழாய் வழியாகக் கீழே அனுப்புது. மற்றச் செடிகளுக்கு அந்தத் துவாரங்கள் பெரும்பாலும் இலைக்கு அடியில் இருக்கும், அல்லிக்கு அடியில் தண்ணிதானே. நம்ம தேயிலைக்கு இந்த வசதி இல்லை. வேரில் தண்ணி தேங்கினால் அழுகிப் போகும். அதனால்தான் மலை முழுக்கக் கான் வெட்டி வைத்திருக்கு.

பகல் பூவும் ராத்திரிப் பூவும்

குளிர் நாட்டு அல்லிகளின் பூ பெரும்பாலும் தண்ணி மேலேயே உட்கார்ந்திருக்கும். நம்ம மாதிரி வெப்ப நாட்டு அல்லிகள் பூவைத் தண்ணிக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். தூரத்திலேயே தெரியும்.

வெப்ப நாட்டு அல்லியில் இரண்டு சாதி. ஒன்று காலையில் விரிந்து பிற்பகலில் மூடும். நீல மானெல் அந்தச் சாதி. மற்றது பொழுது சாயும்போது விரிந்து, மறுநாள் வெயில் ஏறும்வரை திறந்திருக்கும். வெள்ளை ஓலு அந்தச் சாதி. காலையில் கொழுந்துக்குப் போகிற நேரத்தில் பூத்திருந்த ஓலு, பகல் சாப்பாட்டுக்கு வருகிறபோது மூடிக் கிடந்தால் அது வாடிவிட்டது என்று அர்த்தம் இல்லை. தூங்குது. பொழுது பட்டால் எழும்பும்.

நீல அல்லியில் இன்னும் ஒரு தந்திரம் நடக்குது. முதல் நாள் விரிகிற பூவின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் கொஞ்சம் தண்ணி மாதிரித் திரவம். வேறு பூவிலிருந்து மகரந்தம் சுமந்து வருகிற தேனீ அதில் வழுக்கி விழும். மகரந்தம் கழுவப்பட்டுப் பூவுக்குச் சேர்ந்துவிடும். சில நேரம் தேனீ அதிலேயே செத்தும் போகும். மறுநாள் அந்தக் கிண்ணம் காய்ந்துவிடும், அப்போதுதான் பூ தன்னுடைய மகரந்தத்தைக் கொடுக்கும். முதல் நாள் பெண், மறுநாள் ஆண். தன் மகரந்தம் தனக்கே சேராமல் இருக்க அது கண்டுபிடித்த வழி.

தேசிய மலரில் நடந்த மாறாட்டம்

1986 பெப்ரவரியில் நீல மானெல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அந்தப் பூவின் தாவரவியல் பெயர் நிம்பேயா நௌச்சாலி. இலங்கையில் இயற்கையாகவே வளர்கிற பழைய பூ. சீகிரியா ஓவியத்துப் பெண்கள் கையில் பிடித்திருக்கிற பூக்களில் அதுவும் உண்டு என்று சொல்லுவாங்க.

அறிவித்தது சரி. ஆனால் சுவரொட்டியிலும் புத்தகத்திலும் முத்திரைப் படத்திலும் வந்தது பெரும்பாலும் கடும் ஊதா நிறத்தில், இதழ் அடர்த்தியாக இருக்கிற ஒரு பூ. விகாரைக்கு முன்னால் கட்டுக் கட்டாக விற்கிறதும் அதுதான். பார்க்க அழகு, பெரிது, நிறம் எடுப்பு. வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கிறதும் அதுதான். அது நம்ம நாட்டுப் பூவே இல்லை. வெளிநாட்டு அல்லி வழியில் வந்த அலங்காரச் செடி.

பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் தீப்தி யக்கந்தாவல, வயம்பப் பல்கலைக்கழகத்தின் கபில யக்கந்தாவல ஆகியோர் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினாங்க. ஊதாப் பூ வேறு, உண்மையான பூ வேறு என்று காட்டினாங்க. ஊதாப் பூ தொட்டியிலிருந்து தப்பி ஓடை, குளம், சதுப்பு நிலமெல்லாம் பரவிவிட்டது என்பதும், நம்ம அல்லியோடு கலப்பாகக் கூடும் என்பதும் அவர்களுடைய கவலை. 2015இல் அரசாங்கம் தேசிய மலரின் பெயரை நீல் மஹானெல் என்று திருத்தி, சரியான படத்தையும் தெளிவுபடுத்தியது. அறிவித்து 29 வருஷத்துக்குப் பிறகு!

சரி, எப்படி அடையாளம் பிடிக்கிறது? நீல் மஹானெல் அடக்கமான பூ. நிறம் வெளிறிய நீலம், ஆகாயம் மழைக்குப் பிறகு தெளிகிற மாதிரி. சில பூ கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். இதழ்கள் குறைவு, இதழுக்கும் இதழுக்கும் இடைவெளி தெரியும். ஊதாப் பூவுக்கு நிறம் கடுமை, இதழ் நிறைய, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எல்லாருக்கும் பிடிக்கிறது ஊதாப் பூவைத்தான். அதுதான் சிக்கலே. அழகுப் போட்டி வைத்தால் நம்ம பூ தோற்றுப் போகும், ஆனால் தேசிய மலர் அழகுப் போட்டியில் எடுத்தது இல்லையே.

இலங்கைக்கு இது புதுக் கதையும் இல்லை. ஜப்பன் ஜபர என்று சொல்லுகிற ஆகாயத்தாமரையும் வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காகக் கொண்டு வந்த செடிதான். கொஞ்ச காலத்திலேயே ஆறு, குளம், வாய்க்கால் எல்லாம் அடைத்துக்கொண்டு, அதை ஒழிக்க 1909இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. சட்டம் போட்டும் செடி இன்னும் போகவில்லை. ஊதா அல்லி அந்த அளவுக்குக் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் தொட்டியைக் கழுவும்போது கிழங்கையும் விதையையும் கானில் ஊற்றினால் அது எங்கே போகும் என்று முதலில் சொன்னோமே, விதை மிதந்து போகும் என்று. அதுதான் நடக்கும். வேண்டாத செடியை வெயிலில் காய வைத்துப் பிறகு எரு குழியில் போடுங்க.

கியூ பூங்காவிலும் இதே கதை

படித்தவங்க இருந்தும் நம்ம நாட்டில் இப்படி நடந்துவிட்டதே என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். உலகத்திலேயே பெயர் போன செடி ஆராய்ச்சி நிலையமான லண்டன் கியூ பூங்காவில் இதைவிடப் பெரிய மாறாட்டம் நடந்தது. அது அல்லிக் குடும்பத்தின் ராட்சதனைப் பற்றியது.

தென் அமெரிக்காவின் ஆற்றுத் தேக்கங்களில் விக்டோரியா என்ற அல்லி வளருது. இலை வட்டமாக, விளிம்பு நாலாபுறமும் மடங்கி, பெரிய தாம்பாளம் மாதிரி இருக்கும். 2022 வரைக்கும் இதில் இரண்டு வகை என்றுதான் எல்லாரும் எழுதினாங்க. ஒன்று அமேசான் ஆற்றுப் பக்கத்து அமசோனிக்கா. மற்றது பரகுவே, ஆர்ஜென்டீனா பக்கத்து குரூசியானா, இது கொஞ்சம் குளிரைத் தாங்கும். பொலிவியா நாட்டிலிருந்து 1845இல் கியூவுக்கு வந்த ஒரு காய்ந்த இலையும் பூவும் 177 வருஷமாகத் தவறான பெயரில் அலமாரியில் கிடந்தது. கியூவில் வேலை செய்யும் கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்காரர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, இது வேறு சாதி என்று சந்தேகப்பட்டார். 2016இல் பொலிவியாப் பூங்காக்காரர் விதை அனுப்பினாங்க. கியூவில் மூன்று வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து, முள், விதை, மொட்டு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2022 ஜூலையில் விக்டோரியா பொலிவியானா என்று புதுப் பெயர் கொடுத்தாங்க. அதன் ஓவியங்களை வரைந்த லூசி ஸ்மித்தும், மரபணுவைப் பார்த்த நத்தாலியா பிரெசலோம்ஸ்காவும் அந்தக் கண்டுபிடிப்பில் பங்காளிகள்.

கண்டுபிடித்தது தோட்டத்தில் கை அழுக்காக்கி வேலை செய்கிறவர் என்பதை நம்ம பிள்ளைகள் கவனிக்க வேண்டும். செடியோடு நாளெல்லாம் இருக்கிறவனுக்கு ஒரு கண் வரும். கொழுந்து எடுக்கிறவங்களுக்கு எந்த இலை தரம், எது கரட்டு இலை என்று பார்த்தவுடனே தெரியுதே, அது மாதிரி.

பத்தடி இலை

பொலிவியானாதான் இப்போது உலகின் ஆகப் பெரிய அல்லி. பொலிவியாவில் லா ரின்கொனாடா என்ற பூங்காவில் அளந்த ஒரு இலை 3.2 மீற்றர் குறுக்களவு. நம்ம கணக்கில் பத்தரை அடி. பழைய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லுவாங்க இல்லையா? இந்த இலை ஒன்றை உள்ளே விரித்தால் அடுப்பு வைக்கக் கூட இடம் இருக்காது.

இவ்வளவு பெரிய இலை எப்படிக் கிழியாமல் நிற்குது? புரட்டிப் பார்த்தால் தெரியும். அடியில் தடித்த நரம்புகள் நடுவிலிருந்து விசிறி மாதிரிப் போகும், குறுக்கே சின்ன நரம்புகள் அவற்றைப் பிணைக்கும். கூரைக்குக் கைமரம், ரீப்பை அடிக்கிற மாதிரி. நரம்புக்குள் காற்று நிறைந்திருக்கிறதால் மிதக்குது. அடிப் பக்கம் முழுக்கக் கூர்மையான முள், மீன் கடிக்காமல் இருக்க என்று சொல்லுகிறாங்க. விளிம்பில் இரண்டு இடத்தில் வெட்டு விட்டிருக்கும், மழைத் தண்ணி வடிந்து போக. பாரம் ஒரே இடத்தில் விழாமல் ஒரு பலகை போட்டால் பிள்ளை ஒன்று அதன் மேல் நிற்கலாம்.

1849இல் இங்கிலாந்தில் சாட்ஸ்வர்த் என்ற இடத்தில் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டத் தலைவர் இந்தச் செடியை நிலக்கரிச் சூட்டில் வளர்த்துப் பூக்க வைத்தார். தன் சின்ன மகளை இலை மேல் நிறுத்திக் காட்டினார். இலைக்கு அடியில் இருக்கிற அந்த நரம்புக் கட்டைப் பார்த்துத்தான் 1851இல் லண்டனில் இரும்பும் கண்ணாடியுமாகப் பெரிய கண்காட்சி மாளிகையை அமைத்ததாக அவரே சொன்னார். ஒரு இலையிலிருந்து ஒரு மாளிகை!

அமசோனிக்காவின் பூ இன்னும் பெரிய புதினம். பொழுது பட்டதும் வெள்ளையாக விரியும், நல்ல வாசம் வீசும், தானே சூடாகும். வண்டுகள் வாசத்துக்கும் சூட்டுக்கும் உள்ளே வரும். விடியும்போது பூ மூடிக்கொள்ளும், வண்டு உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். தண்டனை இல்லை, உள்ளே சாப்பாடும் உண்டு. மறுநாள் மாலை திறக்கும்போது பூ ரோஸ் நிறமாக மாறியிருக்கும், வண்டு உடம்பெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த வெள்ளைப் பூவைத் தேடிப் பறக்கும். வேலை முடிந்ததும் பூ தண்ணிக்குள் இறங்கிவிடும்.

இந்த ராட்சத அல்லியை உலகத்துக்குப் பிரபலமாக்கினவர் ரொபர்ட் ஷொம்பர்க். 1837 புத்தாண்டு நாளில் பிரிட்டிஷ் கயானாவில் பெர்பீஸ் ஆற்றில் பார்த்தார். மறு வருஷமே, 1838இல், அந்த நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை ஏற்றத் தொடங்கினாங்க. பின்னால் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறின தமிழரும் அங்கே போனாங்க. நம்ம பாட்டன் பூட்டன்மார் கோப்பிக் காலத்தில் இந்த மலைகளுக்கு வந்தது போலத்தான். இன்றைக்குக் கயானாவின் தேசிய மலர் அந்த ராட்சத அல்லி. மொரிசியசிலும் இப்படித்தான். கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்ம ஆட்களின் சந்ததி வாழ்கிற அந்தத் தீவில், பம்பிள்மூஸ் பூங்காக் குளத்தில் வரிசையாகத் தாம்பாள இலைகள் மிதக்கும், உல்லாசப் பயணிகள் முதலில் ஓடுவது அங்கேதான். இந்தியாவுக்குப் போகிறவங்க கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹவுராத் தாவரப் பூங்காவிலும் பார்க்கலாம்.

பெரியதைச் சொன்னோம், சின்னதையும் சொல்லிவிடுவோம். ஆபிரிக்காவின் ருவாண்டா நாட்டில் ஒரு வெந்நீர் ஊற்றுப் பக்கத்தில் ஒரு அல்லி இருந்தது. இலை ஒரு சென்ரிமீற்றர், சட்டைப் பொத்தான் அளவு. 1987இல் கண்டுபிடித்தாங்க. ஆட்கள் ஊற்றுத் தண்ணியை வேறு தேவைக்குத் திருப்பினதில் ஈரம் காய்ந்து, 2008 அளவில் அந்த இடத்தில் செடியே இல்லாமல் போனது. விதை கைவசம் இருந்ததால் கியூவில் அதே கார்லோஸ் மக்தலேனா முளைக்க வைத்துக் காப்பாற்றினார். பீலித் தண்ணியைக் குழாய் போட்டு எடுக்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. ஒரு துளி மிச்சம் ஓடையில் போகிற மாதிரி விட்டால்தான் கீழே இருக்கிறது பிழைக்கும்.

சாப்பாட்டுக்கும் ஆகும்

ஓலுத் தண்டைத் தோல் உரித்து, நறுக்கி, தேங்காய்ப் பால் விட்டு நாட்டு வீடுகளில் கறி வைப்பாங்க. கெகட்டிய என்று சந்தையில் விற்கிறது அல்லி இல்லை, அது வேறு செடி, ஆனால் சமையல் ஒரே மாதிரி. அல்லி விதையைக் காயவைத்துக் குத்தி எடுக்கிறதுதான் அல்லி அரிசி, சிங்களத்தில் ஓலு ஹால். வன்னி, மட்டக்களப்புப் பக்கத்துக் குளத்து ஊர்களில் பஞ்ச காலத்தில் எத்தனையோ வயிறு அதனால் நிறைந்தது. இந்தியாவின் பீகார் மாநிலத்தில் யூரியேல் என்ற முள் அல்லி இருக்கு. இலையின் இரண்டு பக்கமும் முள், ஒரு மீற்றருக்கு மேலும் விரியும். அதன் விதையை வறுத்துப் பொரித்தால் மக்கானா. சேற்றில் மூழ்கி மூழ்கி விதை பொறுக்குகிறவங்க மல்லா சமூகத்து ஏழைத் தொழிலாளர்கள். கடையில் விலை கேட்டால் தலை சுற்றும், பொறுக்கினவன் கைக்கு எவ்வளவு வருது என்பது வேறு கதை.

பக்கத்து வயலுக்கு மருந்து அடித்திருந்தாலோ, சாக்கடை விழுகிற குளமாக இருந்தாலோ அதில் ஒடித்த தண்டைச் சமைக்காதீங்க. நீல் மஹானெல்லை விதைக்கு விட்டு வையுங்க, ஓலுவே போதும்.

தண்ணியில் இறங்கும் முன்

இதைப் பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டும். பூவுக்காகப் பிள்ளைகள் தண்ணியில் இறங்குவாங்க, போயா தினத்துக்கு முன் விற்கலாம் என்று பெரிய பையன்களும் இறங்குவாங்க. இரத்தினபுரி, பெல்மதுளை, குருவிட்ட, எஹெலியகொடைப் பக்கம் வயலிலும் ஓடைக் கரையிலும் மாணிக்கக் குழிகள் நிறைய. வேலை முடிந்ததும் குழியை மூட வேண்டும் என்பது உரிமப்பத்திர நிபந்தனை. இருந்தும் மூடாமல் விட்ட குழிகள் இருக்கத்தான் செய்யுது. மழை பெய்து நிரம்பினால் அது குழி என்றே தெரியாது. மேலே அல்லி இலை படர்ந்திருந்தால் முழங்கால் ஆழம் என்று நினைக்கத் தோன்றும். சுவர் நேராக இறங்கும், மண் வழுக்கும், பிடிக்க ஒன்றும் இருக்காது. அல்லிக் கொடி காலில் சுற்றினால் நீச்சல் தெரிந்தவனும் திணறுவான். வயலுக்கு நடுவில் சதுரமாகவோ வட்டமாகவோ தனியாக ஒரு பொட்டுத் தண்ணி நின்றால் அது இயற்கைக் குளம் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்க. யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீங்க. கயிறு, மூங்கில், சேலை, எது கிடைக்கிறதோ அதை நீட்டுங்க.

அடுத்தது எலிக்காய்ச்சல். நம்ம இரண்டு மாவட்டமும் அந்தக் காய்ச்சல் அதிகமாக வருகிற மாவட்டங்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணி, கால் வெடிப்பு அல்லது காயம் வழியாக உடம்புக்குள் போகுது. கொழுந்துக் காட்டில் அட்டை கடித்த காலோடு குளத்தில் இறங்குகிறவங்க யோசிக்க வேண்டும். சேற்றில் நின்று பத்துப் பதினைந்து நாளைக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போய், சேற்றில் இறங்கினதையும் வாய் திறந்து சொல்லுங்க. அதைச் சொன்னால்தான் டொக்டருக்கு விளங்கும். வயலில் தொடர்ந்து வேலை செய்கிறவங்க பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் தடுப்பு மாத்திரை பற்றிச் சொல்லுவார்.

வீட்டு வாசலில் ஒரு அல்லி

தண்ணியில் இறங்காமலே பூ பார்க்க வழி இருக்கு. உடைந்த சீமெந்துத் தொட்டியோ பழைய பிளாஸ்டிக் பேசினோ போதும். ஒன்றரை அடி ஆழம் இருந்தால் நல்லது. அடியில் வயல் களிமண் ஒரு சாண். எருவும் குப்பையும் போடாதீங்க, தண்ணி நாறிப் பச்சையாகிவிடும். கிழங்கை மண்ணில் ஊன்றி, மேலே மணல் தூவி, மெதுவாகத் தண்ணி ஊற்றுங்க. வெயில் முக்கியம், ஒரு நாளைக்கு ஐந்தாறு மணித்தியாலம் படவேண்டும். லயத்துக் கூரை நிழலில் வைத்தால் இலை வரும், பூ வராது.

டெங்கு பரவுகிற இடத்தில் தண்ணித் தொட்டி வைக்கச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்பது சரி. அதற்காகத்தான் நாலைந்து கப்பி மீன் விட வேண்டும். நுளம்புக் குடம்பியை அது தின்றுவிடும். மீன் செத்துவிட்டால் அன்றைக்கே வேறு விடுங்க, இல்லாவிட்டால் தொட்டியைக் கவிழ்த்து வையுங்க. இரண்டுக்கும் முடியாத வீட்டில் தொட்டி வேண்டாம். கப்பி மீனையும் ஓடையில் கொட்டாதீங்க, அதுவும் வெளிநாட்டு மீன்தான். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் தொட்டி மேல் கம்பி வலை போடுங்க.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பள்ளிக்கூடம் போகிற வழியில், ரோட்டில் நின்றபடியே தெரிகிற ஒரு அல்லிப் பூவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்க. கிட்டப் போக வேண்டாம். காலையில் போகும்போதும் பகல் திரும்பும்போதும் பார்த்து, விரிந்திருந்ததா மூடியிருந்ததா என்று ஒரு கிழமைக்குக் கொப்பியில் குறித்து வாங்க. நிறம் வெளிறிய நீலமா, கடும் ஊதாவா, வெள்ளையா என்றும் எழுதுங்க. பிறகு உங்க சுற்றாடல் புத்தகத்தில் தேசிய மலரின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றா என்று டீச்சரிடம் கேளுங்க.